துரைக்கு வெற்றிலை வைத்த கதை

கொழும்புக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனதாக எங்கள் தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். நான் போனது என் அத்தானைப் பிடித்து வர. அக்கா மகள் காந்திமதிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். பெண்ணைப் பெற்றவர் மனையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். கொழும்பில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை என்ற கதையெல்லாம் எங்களிடம் நடக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தான் மூன்று வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கடுதாசி போட்டால் 'முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்' என்று பதில் வரும். அக்கா ஒருநாள் என் ஜவுளிக் கடைக்கே வந்து நின்றாள். "நீ போய் அவுகளைக் கையோட கூட்டிட்டு வா. அவுக வரலைன்னா நீயும் வராத" என்றாள். அக்கா தீர்ப்புச் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

ரயில், கப்பலேற விடுமுன் உடம்பைச் சோதிக்கிற மண்டபத்து டாக்டர், கப்பல், வாந்தி, மறுபடி ரயில். இதை எழுதி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டு கரையிலும் அப்போது வெள்ளைக்காரன் ராஜ்யம்தான். ஆனாலும் கொழும்பு வேறு தேசம் என்பது முதல் நாள் காலைச் சாப்பாட்டிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அத்தான் கொட்டாஞ்சேனையில் ரோசம்மா என்ற கத்தோலிக்க அம்மாள் வீட்டில் அறை எடுத்திருந்தார். ரோசம்மாவின் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த அம்மாள் இடியப்பத்தை அடுக்கி, சொதியை ஊற்றி, பக்கத்தில் சிவப்பாக ஒரு தேங்காய்ச் சம்பலையும் வைத்தாள். சம்பல் என்றால் சம்பல்! நான் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நாலாந்தரம் கேட்கும்போது அத்தான் என் காதோரம் குனிந்து, அதில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருக்கிறது என்றார். எங்கள் குடும்பத்தில் பூண்டுக்கே யோசிப்பார்கள். கையை உதறுவதா, நக்குவதா என்று விழித்தேன்.

"நீங்க சாப்பிடுறீங்களா அத்தான்?" என்று கேட்டேன்.

"ஓம் மாப்ளே. முதல் நாளே வேணாம்னு சொல்லியிருக்கலாம். அவங்க மனசு என்ன பாடுபடும்? பழகிட்டேன்" என்றார்.

திருநெல்வேலியில் பிறந்த மனுஷன் 'ஆமா' என்பதை மறந்து 'ஓம்' என்று சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிடப் பெரிய அதிசயம் அடுத்து நடந்தது. சொதி தீர்ந்துபோனது. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மே ஐ ட்ரபிள் யூ ஃபார் எ லிட்டில் மோர் சொதி?" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னார். உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம்தான் கேட்டது. "மைட் ஐ..." என்று மறுபடி ஆரம்பித்தார்.

ரோசம்மா கரண்டியோடு வந்தாள். "என்ன ஐயா, காலையிலேயே கோவில் பூசை மாதிரி? சொதி வேணுமெண்டா வேணுமெண்டு சொல்லுங்கோவன்!" என்றாள். அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அடுத்த சில நாட்கள் பலமுறை பார்க்க வேண்டியிருந்தது.

கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலைக் கம்பெனியின் கந்தோரில், அதாவது ஆபீசில், அத்தான் பெரிய கிளாக்கர். துரைக்கு அடுத்தபடி அவர்தான். லீவு கேட்டாயிற்றா என்று நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "மூணு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே" என்றார். எப்படிக் கேட்டீர்கள் என்றேன். எழுந்து நின்று, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டுக் காட்டினார். நீளமான இங்கிலீஷ். நான் மூன்றாம் பாரத்தோடு நின்றவன். மெதுவாகப் பேசினால் பிடித்துக்கொள்வேன், ஓடினால் விட்டுவிடுவேன். தமிழில் சொல்லுங்கள் என்றேன்.

"'ஐயா, எப்பவாவது ஒரு காலத்துல, தங்களுக்கு அசௌகரியம் இல்லாம இருக்கும் பட்சத்துல, இயலாமப் போகாம இருக்கக்கூடுமோன்னு நான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.' இதுதான் அர்த்தம்."

"என்ன இயலாமப் போகாம?"

"அதுக்கு வர்றதுக்குள்ள துரை 'குவைட், குவைட்', சரிதான் சரிதான்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாக இவர் கேட்டது லீவு என்று அந்தத் துரைக்கே தெரியாது.

இந்த இங்கிலீஷ் எங்கே விளைகிறது என்று அன்று சாயங்காலம் பார்த்தேன். வெள்ளவத்தையில் கடலோரம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டு முன்னறையில், யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் கிளாக்கர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் நடத்தினார். வழுக்கைத் தலை, கோட்டு, கோட்டுக்குக் கீழே வேட்டி. நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது. வகுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வீட்டில் பேரனைக் கொஞ்ச வேண்டிய வயதுக்காரர்கள்.

"பாருங்கோ, 'கேன்' எண்டது உங்கடை உடம்பாலை ஏலும் எண்டதுக்கு. 'மே' எண்டது மற்றவையின்ரை உத்தரவுக்கு. 'மைட்' எண்டால் அந்த உத்தரவைக் கேக்கவே பயமாய் இருக்கு எண்டு அர்த்தம். ஆனபடியால் அதுதான் மரியாதை. விளங்குதோ?"

எல்லாரும் விளங்குது என்றார்கள்.

"'மஸ்ட்' எண்ட சொல்லை மட்டும் துரைமாருக்கு முன்னாலை வாயிலை எடுக்கப்படாது. அது அவையள் எங்களுக்குச் சொல்லுற சொல்லு. நாங்கள் அவையளுக்குச் சொல்லுறேல்லை."

நான் பின்வரிசையிலிருந்து, "அப்போ நமக்கு ஒண்ணு வேணும்னா வேணும்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டேன். மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் வீட்டைக் குலுக்கிக்கொண்டு போனதால் பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் அத்தான் கந்தோருக்குப் போய்விட்டார். ஊர்க்காரர் ஒருவருக்கு அவர் வீட்டில் கொடுத்தனுப்பிய வடகப் பொட்டலத்தை மருதானையில் சேர்க்க வேண்டியிருந்தது. டிராம் கண்டக்டரிடம் எப்படிச் சொல்லி இறங்க வேண்டும் என்று அத்தான் எனக்குக் காலையிலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். 'வுட் யூ பீ ஸோ கைண்ட் அஸ் டு' என்று அது தொடங்கும். எங்கள் ஊரில் பஸ்காரனை "ஏ, நிறுத்து" என்றால் நிற்பான். இங்கே மருதானை கண்ணில் பட்டதும் நான் எழுந்து 'வுட் யூ' என்றேன். 'கைண்ட்' வரும்போது மருதானை பின்னால் போய்விட்டது. 'டு' என்று முடித்தபோது அந்த ஆள் அடுத்த பெட்டிக்கே போய்விட்டான்.

பக்கத்தில் துருக்கித் தொப்பியோடு ஒரு முஸ்லிம் வியாபாரி உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி ஓதுறீங்க? எறங்கணுமெண்டா 'பஹினவா' எண்டு ஒரு சத்தம் போடுங்க, நிப்பாட்டுவான்" என்றார். சிங்களத்தில் இறங்கப் போகிறேன் என்று அர்த்தமாம். நான் போட்ட சத்தத்தில் டிராமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்குள் பொரளை வந்துவிட்டது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன். வழியில் ஒரு கடையில் வெறும் தேயிலைத் தண்ணீரைக் கொடுத்து, கையில் நம் கருப்பட்டி போல ஒரு பனங்கட்டித் துண்டையும் வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு இதைக் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. பால் ஊற்றிக் கெடுக்கும் நம் ஊருக்கு இது தெரியாது.

அன்று மாலை அத்தானைப் பிடித்து உட்கார வைத்தேன். "கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. நாளைக்கு நீங்க லீவு கேக்கீங்க. இல்லைன்னா நானே உங்க துரை முன்னால போய் நிப்பேன்" என்றேன். மனுஷன் நடுங்கிப் போனார்.

"நேரா லீவுன்னு கேட்கப்படாது மாப்ளே. அது பிச்சை மாதிரி. நம்ம வழக்கப்படி செய்வோம். தட்டுல வெத்தலை பாக்கு பழம் வச்சு, மேல பத்திரிகையை வச்சுத் துரையைக் கல்யாணத்துக்கு அழைப்போம். 'அடடே, உன் மகளுக்கா கல்யாணம்? அப்போ நீ போக வேண்டாமா?'ன்னு அவரே கேட்பாரு. 'ஆமா சார்'னு நான் சொன்னாப் போதும்."

யோசித்துப் பார்த்தேன். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம் ஊரில் தாசில்தாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் பத்திரிகை வைக்கிறோம். அவர்கள் வந்து பந்தியில் உட்காருவார்கள் என்றா வைக்கிறோம்? தட்டை நீட்டினால் நமக்கு என்ன வேண்டும் என்பது எதிராளிக்குப் புரியும். அவர் 'அவசியம் வருகிறேன்' என்பார், வரமாட்டார், நமக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பார். இது பெரிய மனிதர்களுக்குள் இருக்கிற ஒரு நாகரிகம். வெள்ளைக்காரனும் பெரிய மனிதன்தானே என்று நானும் நினைத்துத் தொலைத்தேன்.

ரோசம்மா பித்தளைத் தட்டு கொடுத்தாள். மாஸ்டர் ஒரு வாக்கியம் செய்து கொடுத்தார். 'தாங்கள் எழுந்தருள வழி காணக்கூடுமாயின் நாங்கள் பெரும் பாக்கியவான்களாக இருப்போம்' என்பது போல் ஒன்று. அதில் மைட், ஷுட், வுட், குட் எல்லாம் இருந்தன. 'மஸ்ட்' மட்டும் இல்லை. அத்தான் இரண்டு நாள் அதை மனப்பாடம் செய்தார். குளிக்கும்போதுகூட அந்தச் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் நானும் அத்தானோடு கந்தோருக்குப் போனேன். பெண்ணின் தாய்மாமன் கூட நின்றுதான் அழைக்க வேண்டும். துரை நான் நினைத்த மாதிரி இல்லை. வயதானவர், ஒல்லி, காது மடல்கள் மட்டும் சிவப்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அத்தான் தட்டை நீட்டினார். துரை பழத்தைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், பிறகு தட்டோடு வாங்கி மேஜையில் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். ரோசம்மாவின் தட்டு அன்றோடு போயிற்று.

அத்தான் வாக்கியத்தை ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வந்தார். அதே இடத்தில் நின்றது. நெற்றியில் வியர்வை. துரை தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பெண் வீட்டு அழைப்பு நடுவில் இப்படி அறுந்து நிற்பது அபசகுனம் இல்லையா?

"யூ மஸ்ட் கம், சார்!" என்றேன். "மஸ்ட்! மஸ்ட்!"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். துரை என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். அவர் மெதுவாகப் பேசியதால் எனக்கே புரிந்தது. "நான் வாலிபனாக இந்த ஊருக்கு வந்தவன். இந்தக் கந்தோரில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. எனக்குப் பலகாரம் அனுப்புவார்கள். நீ வந்தே தீர வேண்டும் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை" என்றார். சொல்லிவிட்டு நாள்காட்டியைப் புரட்டினார். "வருகிறேன்" என்றார்.

அவர் உண்மையாகவே வரப் போகிறார் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்தபோது எனக்குச் சந்தோஷம்தான். வரட்டுமே, பந்தியில் ஒரு வாழை இலை கூடப் போட்டால் போயிற்று. சம்பந்தி வீட்டாரும் வாயைப் பிளப்பார்கள்.

அப்போதுதான் துரை ஒன்றை நினைத்துக்கொண்டார். அவரும் பெரிய கிளாக்கரும் ஒரே சமயத்தில் கந்தோரை விட்டுப் போகக் கூடாது என்பது லண்டன் கம்பெனியின் சட்டமாம். இருவரில் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். அவர் முகம் வாடிவிட்டது. "உன் மகளின் கல்யாணம். நீ போக வேண்டுமானால் நான் இருந்துகொள்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. நீ சொல்" என்றார் அத்தானைப் பார்த்து.

நீ சொல் என்றார்! இதைவிட ஒரு மனிதன் என்ன கேட்பான்? மூன்று வருஷமாகத் திறக்காத கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அத்தானின் முழங்கையைக் கிள்ளினேன். அத்தான் துரையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"நோ, நோ, சார்" என்றார். "யூ மஸ்ட் கோ."

தடுமாற்றமே இல்லாமல் வந்தது. மாஸ்டர் கேட்டிருந்தால்கூட உச்சரிப்பில் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

வெளியே வந்ததும் நடுத்தெருவில் வைத்துக் கத்தினேன். "உங்களுக்குப் புத்தி இருக்கா? பெத்த மகளுக்குத் தாரை வார்க்கத் துரையா வருவான்?" ரிக்‌ஷாக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அத்தான் மெல்லிய குரலில் சொன்னார்: "வெத்தலை வச்சுக் கூப்பிட்டாச்சு மாப்ளே. கண்ணு கலங்கி வர்றேன்னு சொன்ன மனுஷனை வராதீங்கன்னு எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுவீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதைவிட ஆத்திரம், நானும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது.

ரோசம்மாவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. தட்டு போனதைக்கூட அவள் கேட்கவில்லை. "பிள்ளைக்குத் தகப்பன் வேணுமோ, துரை வேணுமோ? நாளைக்கே போய் 'நான்தான் போறன்' எண்டு சொல்லுங்கோ. அந்த மனிசன் கேட்டவர்தானே. அவர் ஒண்டும் நினைக்கமாட்டார் ஐயா" என்றாள்.

"ஓம், சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம்" என்றார் அத்தான்.

மறுநாள் போனார். துரைக்கு வேட்டி கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்கடுத்த நாள், தரையில் சம்மணம் போட்டு உட்காருவதற்குப் பழக்கிவிட்டு வந்தார். "நல்லாப் பழகிட்டாரு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். ரோசம்மா அன்று சொதியை அவர் கேட்காமலே ஊற்றினாள். அவர் சாப்பிடவில்லை.

கோட்டை ஸ்டேஷனுக்கு அத்தான் வழியனுப்ப வந்தார். துரை முதல் வகுப்பில், நான் பின்னால் மூன்றாம் வகுப்பில். மகளுக்கு எடுத்த புடவையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். நீலத்தில் வெள்ளிக் கரை. நல்ல சரக்கு, ஜவுளிக்காரன் சொல்கிறேன். "காந்திமதிகிட்ட..." என்று ஆரம்பித்தார். காத்திருந்தேன். புடவையின் மடிப்பை நீவிவிட்டார். "ஒண்ணுமில்லை மாப்ளே" என்றார். பிறகு முன் பக்கம் ஓடினார். துரைக்குச் சுகமான பிரயாணம் அமைய வேண்டும் என்று அவர் இங்கிலீஷில் சொன்னது என் பெட்டி வரை கேட்டது. புடவையை மடியை விட்டு இறக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபமும் போகவில்லை.

வழியெல்லாம் துரை நல்லபடியாக நடந்துகொண்டார். கப்பலில் எனக்குத் தலை சுற்றியபோது என்னைத் தேடி வந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். இட்லியைக் கையால் சாப்பிட்டார். தன் கிளாக்கர் எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ் சார், எஸ் சார் என்று நானும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

திருநெல்வேலி ஸ்டேஷனில் அக்கா நின்றாள். தலை நிறையப் பூ. அவளுக்கு இரண்டடி தள்ளிச் சம்பந்தி நின்றார், பெண்ணின் தகப்பனார் வருகிறாரா என்று தன் கண்ணால் பார்த்துக்கொள்ள. முதல் வகுப்பிலிருந்து தொப்பியும் கையுமாக வெள்ளைக்காரத் துரை ஒருவர் இறங்கி அக்காவைப் பார்த்துக் கும்பிட்டதும் சம்பந்தியின் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது. விஷயத்தை நான் சொல்லி முடிக்கக்கூட இல்லை. "அதுக்கென்ன! தகப்பனாருக்கு அங்க ஆயிரம் சோலி இருக்கும். அதான் துரையே வந்திருக்காகளே!" என்றார். நிபந்தனையெல்லாம் பறந்துபோயிற்று. தாரை வார்க்க நானும் என் பெண்டாட்டியும் போதும் என்று பிளாட்பாரத்திலேயே அவராக முடிவு செய்துவிட்டார். சாமான்களைத் தூக்கத் தானே ஓடினார்.

அக்கா துரைக்குக் கைகூப்பி "வாங்க" என்றாள். சொல்லிவிட்டு, அவர் இறங்கிய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு நான் இறங்கிய பெட்டி வரைக்கும் நடந்து போய் அதற்குள்ளும் பார்த்துவிட்டு வந்தாள்.

துரைக்கு அவள் தேடுவது புரிந்தது. என் பக்கம் திரும்பி, "இவர் கணவர்தான் வந்திருக்க வேண்டியவர். ஆனால் நான்தான் வர வேண்டும் என்று அவர் மிகவும் வற்புறுத்தினார். இதை உன் சகோதரிக்குச் சொல்" என்றார். நான் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நான் போறேன்னு அவுக ஒரு வார்த்தை சொல்லலியா?"

"துரை கேட்டாரு அக்கா. அவுக சொல்லலை."

"அவுக கொழும்புக்கே ஆசைப்பட்டுப் போகலைலே. நம்ம அப்பா போகச் சொன்னாரு, போனாக. போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லுவாகன்னு நான் அன்னிக்குக் கதவுப் பக்கத்துலயே நின்னேன்" என்றாள். தலையிலிருந்த பூவைச் சரி செய்வதுபோலக் கையை உயர்த்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, துரை வெயில்ல நிக்காக. வண்டியில ஏறச் சொல்லு."